ஒரு வாரம்தானே, வந்து ஆடிவிட்டுப் போனால் என்ன?

போன இதழில், ஆண்கள் டென்னிஸில் நாட்டு அணிகள் மோதுகிற டேவிஸ் கோப்பையைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். முன்னணி வீரர்கள் நாட்டு அணிக்கு வராமல் போவதை நான் பெரிய குற்றமாக நினைக்கவில்லை என்று. அதற்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, அதில் பாதி திட்டு. சரி, இந்த முறை முழுப் பகுதியும் அதற்கே. ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

2025 நவம்பரில் டேவிஸ் கோப்பை இறுதிச்சுற்று இத்தாலியின் போலோன்யாவில் நடந்தது. சொந்த மண். அந்த நாட்டின் முன்னணி வீரர் யானிக் சின்னர் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஒரு கிரிக்கெட் வீரர் உலகக் கோப்பைக்கு வரமாட்டேன் என்றால் நாம் சும்மா விடுவோமா? டென்னிஸ்காரர்களுக்கு மட்டும் என்ன தனிச் சலுகை?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

உங்கள் கோபம் புரிகிறது, சார். இத்தாலியிலும் இதே கோபம்தான். டேவிஸ் கோப்பையில் 164 ஆட்டங்கள் ஆடி இன்றுவரை சாதனையை வைத்திருக்கிற நிக்கோலா பியத்ராஞ்செலி, இது இத்தாலிய விளையாட்டுக்கு விழுந்த அறை என்கிற அளவுக்குப் போய்விட்டார்.

ஆனால் கிரிக்கெட்டை இங்கே இழுக்காதீர்கள். கிரிக்கெட் வீரருக்கு வாரியம் ஒப்பந்தம் போட்டுச் சம்பளம் கொடுக்கிறது, பயிற்சியாளரை அமர்த்துகிறது, பிசியோவை அமர்த்துகிறது, விமான டிக்கெட்டும் ஓட்டல் அறையும் அவர்கள் பொறுப்பு. டென்னிஸ் வீரர் தனிக்கடை நடத்துகிற ஆள். பயிற்சியாளர் சம்பளம், உடற்பயிற்சி நிபுணர் சம்பளம், உலகம் முழுக்கச் சுற்றுகிற செலவு எல்லாம் அவர் பையிலிருந்துதான் போகிறது, முதல் சுற்றில் தோற்றுவிட்டால் அந்த வாரம் நஷ்டக் கணக்கு, காயம்பட்டு ஆறு மாதம் படுத்தால் வருமானமே இல்லை. சின்னருக்கு இதெல்லாம் கவலை இல்லைதான், பணம் கொட்டிக் கிடக்கிறது. தரவரிசையில் 150, 200 என்று இருக்கிறவர்களை நினைத்துப் பாருங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. சில நாடுகளில் சங்கம்தான் சின்ன வயதிலிருந்து பயிற்சி கொடுத்து, செலவு செய்து ஆளை உருவாக்குகிறது. அங்கே 'நாங்கள் வளர்த்த பிள்ளை' என்கிற உரிமையில் கோபப்பட்டால் அதில் நியாயம் இருக்கிறது. பல நாடுகளில் அப்படி எதுவும் நடப்பதில்லை. வருடத்தில் இரண்டு வாரம் கூப்பிட்டுச் சட்டை கொடுப்பார்கள், மீதி ஐம்பது வாரம் பையன் எங்கே ஆடுகிறான் என்றுகூடத் தெரியாது.

சின்னர் விஷயத்தில் எனக்கு வருத்தம் இல்லை. 2023, 2024 இரண்டு வருடமும் கோப்பையை வாங்கிக் கொடுத்தவர்களில் அவர்தான் முதல் ஆள். ஆஸ்திரேலிய ஓப்பனுக்குத் தயாராகக் கூடுதலாக ஒரு வாரம் வேண்டும் என்று அக்டோபரிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார், கடைசி நாளில் கம்பி நீட்டவில்லை. அப்புறம் என்ன நடந்தது? இன்னொரு முன்னணி வீரர் லொரென்சோ முசெட்டியும் வரவில்லை, அப்படியும் இத்தாலிதான் ஜெயித்தது. அரையிறுதியில் பெல்ஜியத்தின் சிசூ பெர்க்ஸோடு இத்தாலியின் ஃபிளாவியோ கோபொல்லி ஆடி ஜெயித்த மூன்றாவது செட் டை பிரேக், வழக்கமாக ஏழு புள்ளியில் முடிய வேண்டியது, 17-15 வரை போனது. சின்னரும் முசெட்டியும் வந்திருந்தால் கோபொல்லிக்கு ஒற்றையர் ஆட்டம் கிடைத்திருக்குமா என்பதே சந்தேகம்.

டேவிஸ் கோப்பையில் ஜெயித்தால் தரவரிசைப் புள்ளி ஒன்றுகூடக் கிடைக்காது என்கிறான் நண்பன். உண்மையா?
– கல்லூரி மாணவர்

உண்மை. 2009 முதல் 2015 வரை கொடுத்துப் பார்த்தார்கள், அப்புறம் எடுத்துவிட்டார்கள். ஒலிம்பிக்கிலும் 2016 ரியோவிலிருந்து புள்ளி கிடையாது.

இதில் ஒரு வேடிக்கை. 2020 முதல் 2022 வரை ஏடிபி (ஆண் தொழில்முறை வீரர்கள் சங்கம்) கோப்பை என்று ஒன்று நடந்தது, இப்போது ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஆடும் யுனைடெட் கோப்பை. இரண்டுமே நாட்டு அணிகளாக ஆடுகிற போட்டிதான், இரண்டிலும் தரவரிசைப் புள்ளி உண்டு. நடப்பது ஆஸ்திரேலியாவில், புத்தாண்டை ஒட்டி, அதாவது ஆஸ்திரேலிய ஓப்பனுக்குச் சரியான ஒத்திகை. பெரிய பெயர்கள் பலரும் வந்துவிடுகிறார்கள். அதே ஆட்கள்தான், அதே கொடிதான். தேசபக்தி ஜனவரியில் பொங்கி நவம்பரில் வற்றிவிடுகிறது என்று சொல்வீர்களா, இல்லை நாட்காட்டியைப் பார்ப்பீர்களா?

ஒரு வாரம்தானே ஐயா? வருடம் முழுக்க ஆடுகிறவர்கள், நாட்டுக்காக ஒரு வாரம் வந்து ஆடிவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும்?
– இதே கேள்வியை ஏழு பேர் கேட்டிருக்கிறார்கள்

ஒரு வாரம் என்பது ஆட்டம் நடக்கிற நாட்கள் மட்டும். முன்னால் தரைக்கும் நேரத்துக்கும் பழக வேண்டும், பின்னால் உடம்பு தேற வேண்டும், கூட்டிப் பார்த்தால் மூன்று வாரம் போய்விடும்.

2011இல் செர்பியாவின் ஜோகோவிச்சுக்கு நடந்ததைப் பாருங்கள். அந்த வருடம் அவரைத் தோற்கடிப்பதே அதிசயம் என்று இருந்தது. செப்டம்பர் 12, திங்கட்கிழமை, நியூயார்க்கில் நடாலை ஜெயித்து யுஎஸ் ஓப்பன் வாங்கினார். அதே வெள்ளிக்கிழமை பெல்கிரேடில் அர்ஜென்டினாவோடு டேவிஸ் கோப்பை அரையிறுதி. வெள்ளிக்கிழமை இறங்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை அணி தோற்கிற நிலைமையில் இருந்ததால் இறங்கினார். டெல் போட்ரோவிடம் முதல் செட்டை டை பிரேக்கில் விட்டார், இரண்டாவதில் 0-3, ஒரு பந்தை எட்டப் போனவர் முதுகைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் விழுந்தார். ஆட்டம் அதோடு சரி, அணியும் தோற்றது. வராமல் இருந்திருந்தால் சுயநலக்காரன் என்றிருப்பார்கள்.

2014இல் ஸ்விட்சர்லாந்தின் ஃபெடரர். நவம்பர் 16, லண்டன், வருடக் கடைசியில் முதல் எட்டு பேர் மட்டும் ஆடுகிற ஏடிபி ஃபைனல்ஸின் இறுதிப் போட்டி. முதுகு வலியால் ஜோகோவிச்சோடு ஆடாமலே விலகிக்கொண்டார். ஐந்தே நாள் கழித்து பிரான்ஸின் லீல் நகரத்தில் டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டி, அதுவும் களிமண் தரை. லண்டனில் ஆடியது உள்ளரங்கக் கடினத் தரை, இங்கே பந்து எழும்புகிற விதமே வேறு, வழுக்கிக்கொண்டு போய் நிற்க வேண்டும், முதுகுக்கு அது இன்னும் கெடுதல். வெள்ளிக்கிழமை மோன்ஃபில்ஸிடம் மூன்று நேர் செட்டுகளில் வாங்கிக் கட்டிக்கொண்டார். சனிக்கிழமை வாவ்ரின்காவோடு இரட்டையர் ஆடி ஜெயித்தார். ஞாயிற்றுக்கிழமை காஸ்கேயை நேர் செட்டுகளில் முடித்தார், கடைசிப் பந்து ஒரு டிராப் ஷாட், அது விழுந்ததும் அவரும் முழங்காலில் விழுந்தார். ஸ்விட்சர்லாந்துக்கு முதல் டேவிஸ் கோப்பை. அதற்கு முன்னால் பல வருடங்கள் முதல் சுற்று ஆட்டங்களை அவர் தவிர்த்ததையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். நாள் பார்த்து, உடம்பு பார்த்து வந்தவர்தான்.

பெண்கள் பக்கம் இது இன்னும் மோசமாக இருந்தது. 2019 நவம்பர் 3 அன்று சீனாவின் ஷென்செனில் ஆஸ்திரேலியாவின் ஆஷ் பார்ட்டி, பெண்களுக்கான அதே மாதிரிப் போட்டியான டபிள்யூடிஏ ஃபைனல்ஸை ஜெயித்தார், பரிசுத் தொகை 44 லட்சம் டாலருக்கு மேல், டென்னிஸில் அதுவரை யாரும் ஒரே போட்டியில் வாங்காத தொகை. ஆறு நாள் கழித்து பெர்த்தில் பிரான்ஸுக்கு எதிராக ஃபெட் கோப்பை (பெண்களின் நாட்டு அணிப் போட்டி, இப்போது பெயர் பில்லி ஜீன் கிங் கோப்பை) இறுதிப் போட்டி. சனிக்கிழமை கரோலின் கார்சியாவை 6-0, 6-0. ஞாயிற்றுக்கிழமை மிளாடெனோவிச்சிடம் மூன்றாவது செட் டை பிரேக்கில் தோல்வி, அப்புறம் கடைசி இரட்டையர் ஆட்டத்திலும் அவரே இறங்கித் தோற்றார். வெறும் களைப்புதான் காரணம் என்று சொல்ல மாட்டேன், மிளாடெனோவிச் நன்றாக ஆடினார். ஆனால் கோடிகளை வாங்கிக்கொண்டு கடற்கரைக்குப் போகாமல், நாட்டுக்காக இரண்டு நாளில் மூன்று ஆட்டம் ஆடியவர் பார்ட்டி.

2023இல் கேலிக்கூத்தாகவே ஆகிவிட்டது. டபிள்யூடிஏ ஃபைனல்ஸ் மெக்சிகோவின் கான்கூனில். மழையும் காற்றும் பிடுங்கியதில் இறுதிப் போட்டி திங்கட்கிழமை, நவம்பர் 6க்குத் தள்ளிப்போனது. பில்லி ஜீன் கிங் கோப்பை இறுதிச்சுற்று நவம்பர் 7 அன்று ஸ்பெயினின் செவிலில் ஆரம்பம். நடுவில் ஒரு பெருங்கடல். போலந்தின் இகா ஷ்வியான்டெக் முன்கூட்டியே வரவில்லை என்று சொல்லிவிட்டார், வேறு என்ன செய்வது? முந்தின வருடமும் இதே கதைதான், அமெரிக்காவின் ஃபோர்ட் வொர்த்தில் ஒன்று முடிந்த கையோடு கிளாஸ்கோவில் இன்னொன்று. டபிள்யூடிஏ என்கிற பெண் வீரர்கள் சங்கம் ஓர் அமைப்பு, நாட்டு அணிப் போட்டிகளை நடத்துகிற ஐடிஎஃப் என்கிற சர்வதேச டென்னிஸ் சம்மேளனம் இன்னோர் அமைப்பு, ஒருவர் நாட்காட்டியை இன்னொருவர் பார்ப்பதில்லை, திட்டு மட்டும் ஆடுகிற பெண்ணுக்கு. 2025இல் பில்லி ஜீன் கிங் கோப்பை இறுதிச்சுற்றை செப்டம்பருக்கு மாற்றினார்கள். இதற்கு இத்தனை வருடம்!

நாட்டுக்கு ஆடமாட்டேன் என்று சொன்னால் தண்டனை உண்டா? அந்தக் காலத்தில் இப்படியெல்லாம் நடக்குமா?
– பள்ளி உடற்கல்வி ஆசிரியர்

அந்தக் காலத்தில் நடந்த கதை, இந்தக் காலத்துக் கதைகளையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

1973. யூகோஸ்லாவியாவின் நிக்கோலா பிலிச். நியூசிலாந்தோடு டேவிஸ் கோப்பை ஆட்டத்துக்கு வருவதாக ஒப்புக்கொண்டார் என்றது சங்கம். மான்ட்ரியாலில் இரட்டையர் போட்டிக்குத் தகுதி பெறாவிட்டால் வருகிறேன் என்றுதான் சொன்னேன் என்றார் அவர். தகுதி பெற்றார், மான்ட்ரியாலுக்குப் போனார். யூகோஸ்லாவியா தோற்றது. சங்கம் கொதித்துப்போய் ஒன்பது மாதத் தடை போட்டது, சர்வதேச சம்மேளனம் அதை ஒரு மாதமாகக் குறைத்தது. அந்த ஒரு மாதம் எங்கே விழுந்தது தெரியுமா? விம்பிள்டன் மேல்.

ஏடிபி என்கிற வீரர்கள் சங்கம் ஆரம்பித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பிலிச் ஆடக் கூடாதென்றால் நாங்களும் ஆடமாட்டோம் என்று 81 பேர் விம்பிள்டனைப் புறக்கணித்தார்கள், அந்தப் போட்டியில் முன்னணி வீரர்கள் (சீடு) என்று வரிசைப்படுத்தப்பட்டிருந்த 16 பேரில் 13 பேர் அதில் அடக்கம். விம்பிள்டனில் ஆடாமல் இருப்பது என்றால் அன்றைக்கு எவ்வளவு பெரிய விஷயம்! பாதிக் காலியான அந்தப் போட்டியில்தான் யான் கோடெஷ் பட்டம் வாங்கினார். நம் விஜய் அமிர்தராஜ் காலிறுதியில் அதே கோடெஷை ஐந்து செட் வரை இழுத்துத் தோற்றார். நாட்டு அணிக்கு வருவதும் வராததும் யார் முடிவு என்கிற ஒரே கேள்வி, தொழில்முறை டென்னிஸில் அதிகாரம் யார் கையில் என்பதையே மாற்றிவிட்டது.

இதைவிட ருசியான பகுதி இனிமேல்தான். டேவிஸ் கோப்பைக்கு வரவில்லை என்று தண்டிக்கப்பட்ட இதே பிலிச், பின்னாளில் ஜெர்மனிக்கு கேப்டனாக இருந்து 1988, 1989, 1993இல் கோப்பை வாங்கிக் கொடுத்தார், 2005இல் குரோவேஷியாவுக்கும் வாங்கிக் கொடுத்தார். வீரன் ஏன் வரமாட்டேன் என்கிறான் என்று அவரைவிட நன்றாக யாருக்குப் புரிந்திருக்கும்?

இன்றைக்கு அந்த மாதிரித் தடை போட்டால் ஊர் சிரிக்கும். அதற்குப் பதிலாக ஒலிம்பிக் என்கிற கயிற்றால் கட்டுகிறார்கள். ஒலிம்பிக்கில் ஆட வேண்டுமென்றால் அதற்கு முந்தைய நான்கு வருடச் சுழற்சியில் சில முறையாவது நாட்டு அணியில் இருந்திருக்க வேண்டும். விதிவிலக்குகளும் உண்டு. ஒலிம்பிக்குக்கு முந்தைய வருடம் பெரிய ஆட்களுக்குத் திடீரென்று அணிப் பாசம் வருகிறதே, அதன் ரகசியம் இதுதான்.

காயம் என்று சொல்லி விலகுகிறார்களே, அதில் பாதி பொய்தானே?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர்

யார் தொடைக்குள்ளும் நான் எட்டிப் பார்த்ததில்லை. 2025இல் ஸ்பெயினின் அல்கராஸ் டேவிஸ் கோப்பையிலிருந்து விலகியபோதும் இப்படித்தான் பேசினார்கள், துரினில் ஏடிபி ஃபைனல்ஸ் இறுதிப் போட்டி ஆடும்போதே தொடையைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றதை எல்லோரும் பார்த்த பிறகும். நவம்பரில் எந்த டென்னிஸ் வீரரை மருத்துவரிடம் கூட்டிப் போனாலும் ஏதாவது ஒரு காயம் அகப்படும். ஆனால் 'எனக்கு ஓய்வு வேண்டும்' என்று நேராகச் சொன்னால் துரோகி, 'தோள் வலி' என்று சொன்னால் பாவம் என்று நாமே ஒரு ஏற்பாடு செய்துவைத்திருக்கிறோம். பொய் சொல்லக் கற்றுக் கொடுத்தது யார்?

2019இல் டேவிஸ் கோப்பையை மாற்றியது வீரர்களின் சுமையைக் குறைக்கத்தான் என்றார்கள். குறைந்ததா?
– மென்பொருள் பொறியாளர்

கொஞ்சம் குறைந்தது, நிறையப் போய்விட்டது. முன்பு ஒரு மோதல் மூன்று நாள், ஐந்து ஆட்டம், ஒவ்வொன்றும் ஐந்து செட் வரை. வருடத்துக்கு நான்கு முறை ஜெயித்தால்தான் கோப்பை. 2015இல் ஆண்டி மர்ரி எட்டு ஒற்றையர், மூன்று இரட்டையர் ஆடி பதினொன்றையும் ஜெயித்துத்தான் பிரிட்டனுக்கு 1936க்குப் பிறகு கோப்பை வந்தது. அதே வருடம் லியோனார்டோ மேயரும் ஜோவாவ் சோசாவும் ஒரே ஆட்டத்தை 6 மணி 43 நிமிடம் ஆடினார்கள். இதையெல்லாம் எந்த உடம்பும் வருடா வருடம் தாங்காது.

அப்புறம் கால்பந்து வீரர் ஜெரார்ட் பிக்கேயின் காஸ்மோஸ் நிறுவனம் வந்தது. 25 வருடம், 300 கோடி டாலர் என்று பேச்சு. மூன்று செட் ஆட்டம், ஒரே நகரம், ஒரே வாரம். அந்த ஒப்பந்தம் 2023 ஜனவரியிலேயே முறிந்துபோனது. ஐந்து செட்டைக் குறைத்தது சரி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் எதிரணி ஊருக்குப் போய், அவர்கள் தேர்ந்தெடுத்த தரையில், அவர்கள் ரசிகர்கள் கத்துகிற கத்தலில் ஆடுகிறதுதான் இந்தப் போட்டியின் உயிர், இறுதிச்சுற்றில் அதை எடுத்துவிட்டு எங்கோ ஒரு பொது அரங்கில் காலி நாற்காலிகளுக்கு முன் ஆட வைத்தார்கள். சுமையைக் குறைக்கிறேன் என்று போட்டியையும் நவம்பர் கடைசிக்கே தள்ளினார்கள், உடம்பு முழுசாகத் தேய்ந்துபோயிருக்கிற நேரம் அதுதான்.

நாட்டுக்காக ஆடியதால் தனிப்பட்ட முறையில் யாருக்காவது நல்லது நடந்திருக்கிறதா? எப்போதும் நஷ்டக் கணக்கே சொல்கிறீர்களே.
– இல்லத்தரசி

நல்ல கேள்வி, அம்மா. நடந்திருக்கிறது.

2010 டிசம்பரில் பெல்கிரேடில் செர்பியா முதல் முறையாகக் கோப்பை வாங்கியது. அதுவரை ஜோகோவிச்சிடம் இருந்தது ஒரே ஒரு கிராண்ட்ஸ்லாம் (நான்கு பெரும் போட்டிகளில் ஒன்றின் பட்டம்). அடுத்த சீசனை 41 ஆட்டம் தோற்காமல் ஆரம்பித்தார். 2023இல் சின்னர், செப்டம்பரில் வரவில்லை என்று வாங்கிக் கட்டிக்கொண்டவர், நவம்பரில் இறுதிச்சுற்றுக்கு ஸ்பெயினின் மலாகாவுக்கு வந்தார். அரையிறுதியில் ஜோகோவிச்சுக்கு எதிராக மூன்றாவது செட்டில் 4-5, 0-40. மூன்று மேட்ச் பாயின்ட். மூன்றையும் காப்பாற்றி ஆட்டத்தை ஜெயித்தார், கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்து இரட்டையரிலும் ஜோகோவிச் ஜோடியைத் தோற்கடித்தார். இரண்டு மாதத்தில் மெல்போர்னில் ஆஸ்திரேலிய ஓப்பன், தன் முதல் கிராண்ட்ஸ்லாம், வழியில் அரையிறுதியில் மறுபடியும் ஜோகோவிச். கோப்பைதான் காரணம் என்று நிரூபிக்க முடியாது, ஆனால் அந்த மூன்று பந்துகளுக்குப் பிறகு அவர் வேறு ஆளாகத்தான் தெரிந்தார்.

கீழே இருக்கிறவர்களுக்குத்தான் இது பெரிய வாசல். 2025 செப்டம்பரில் ஸ்விட்சர்லாந்தின் பீல் நகரத்தில் தட்சிணேஸ்வர் சுரேஷ் இந்தியாவுக்காக முதல் முறை இறங்கினார். தரவரிசையில் 600க்கும் பின்னால் இருந்தவர். தன்னைவிடப் பல நூறு இடம் மேலே இருந்த ஜெரோம் கிம்மை நேர் செட்டுகளில் ஜெயித்தார், இந்தியா 3-1. அவர் அதுவரை ஆடிய சிறிய போட்டிகளில் கைதட்டுவதற்கே பத்துப் பேர் இருந்தால் அதிசயம், இங்கே பக்கத்து நாற்காலியில் கேப்டன், பின்னால் முழு அணி. டென்னிஸில் அந்தத் தனிமை இல்லாமல் ஆடுகிற சில நாட்கள் இவைதான்.

மறுபக்கம் டெல் போட்ரோவைச் சொல்ல வேண்டும். 2016இல் குரோவேஷியாவின் சாக்ரெப்பில் டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டியில் சிலிச்சிடம் இரண்டு செட் பின்தங்கி, மீண்டு வந்து ஜெயித்தார், அர்ஜென்டினாவுக்கு முதல் கோப்பை. அந்த ஆட்டத்தில் அவர் இடது கைச் சுண்டுவிரல் உடைந்தது. அதற்காக அவர் வருத்தப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

என் மகளுக்கு 15 வயது. ஜூனியர் நாட்டு அணி முகாமுக்கு அழைப்பு வந்திருக்கிறது. அதே நாட்களில் புள்ளி கிடைக்கிற ஒரு சர்வதேச ஜூனியர் போட்டியும் இருக்கிறது. அணிக்குப் போனால் பெருமை என்கிறேன் நான். போட்டிக்குப் போனால்தான் தரவரிசை என்கிறார் பயிற்சியாளர். என் மனைவி எங்கள் இருவரையும் திட்டுகிறாள். என்ன செய்வது?
– ஒரு தகப்பனார்

முதலில் முகாம்காரர்களுக்கு ஒரு போன் போடுங்கள். யார் பயிற்சி கொடுப்பது, எந்தத் தரையில், தினமும் எவ்வளவு நேரம், பிசியோ உண்டா, முகாமுக்கு வந்தால் அணியில் இடம் கிடைக்க வாய்ப்பு எவ்வளவு என்று கேளுங்கள். மழுப்பினார்கள் என்றால் பயிற்சியாளர் சொல்வதைக் கேட்கலாம். தெளிவாகப் பதில் சொன்னார்கள் என்றால் நான் முகாமுக்கே அனுப்புவேன், 15 வயதில் ஒரு போட்டியின் புள்ளியை அடுத்த மாதமே ஈடுகட்டிவிடலாம். எதுவானாலும் இரண்டு தரப்புக்கும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், கடைசி நாள் வரை இழுத்துவிட்டுக் காய்ச்சல் என்று சொல்லாதீர்கள்.

அப்புறம் ஒன்று. நீங்கள் அனுப்பியது இரண்டு பக்கக் கடிதம், இங்கே சுருக்கிப் போட்டிருக்கிறேன். நீங்கள் சொன்னது இருக்கிறது, பயிற்சியாளர் சொன்னது இருக்கிறது, உங்கள் மனைவி சொன்னதுகூட இருக்கிறது. அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று ஒரு வரி எங்கேயும் இல்லையே?